கட்டில் தாங்காது என்றார்கள்

இன்று தேனி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "நான் ரொம்பக் குண்டு பெரியம்மா. ஆசுபத்திரியில சேக்க மாட்டாகளோன்னு பயமா இருக்கு."

நான் என் கதையைச் சொன்னேன்.

1978-ல் எனக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து, போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை பார்த்த டாக்டரம்மா, "பிரசவக் கட்டில் உங்களைத் தாங்காது. மதுரைக்குப் போயிருங்க" என்றார்.

மதுரைக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். நான் அழுதுவிட்டேன்.

நர்ஸ் ரோசம்மாதான் கேட்டார்: "கட்டில் தாங்காட்டி என்ன டாக்டர், தரை தாங்கும்ல?"

டாக்டரம்மா இரண்டு மெத்தைகளைத் தரையில் போடச் சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் மகள் பிறந்தாள்.

அடுத்த மாதம் தடுப்பூசிக்குப் போனபோது, அந்த அறையில் புது இரும்புக் கட்டில் கிடந்தது. "இனிமே யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்னு செஞ்சது" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அது தாங்குச்சா பெரியம்மா?"

தாங்கியது. என் மகன் பிறந்தது அதில்தான். அப்போது என் எடை இன்னும் கூடியிருந்தது; எவ்வளவு என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள்.