ஏழாம் வரிசை மல்லாக்கொட்டை

வாலாஜாபேட்டைக்கு அருகே, ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவரின் மேட்டுநிலத்தில் மல்லாக்கொட்டையில், அதாவது நிலக்கடலையில், பன்னிரண்டு ரகம் போட்டிருந்தேன், ரகத்துக்கு ஒரு வரிசையாக. இலையில் கரும்புள்ளி விழுந்து செடியே மொட்டையாகும் பூசண நோயை எந்த ரகம் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. நோய் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் தொற்றட்டும் என்று, புள்ளி விழுந்த சருகை நானே கொண்டுவந்து தூவினேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். "பயிருக்கு நோவு உண்டாக்கவா படிச்சே?" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேன். ஏழாம் வரிசை தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விவசாய இலாகா அதிகாரி பார்வையிட வந்தார். ரகத்துக்கு ரகம் வித்தியாசம் தெரியாவிட்டால் சோதனையை அத்தோடு நிறுத்திவிடுவதாக முன்பே எழுதியிருந்தார்.

வரப்பில் ஏறியதும் திகைத்துப்போனேன். எந்த வரிசையிலும் ஒரு புள்ளி இல்லை. இலை அடர்த்தி மட்டும் வரிசைக்கு வரிசை கூடக்குறைய இருந்தது. அது ரகத்தின் குணம் என்றும் சொல்லிவிடலாம்.

"இன்னாம்மா பண்ணீங்க?" என்று களை வெட்டும் பெண்களில் மூத்தவளைக் கேட்டேன்.

"தொரை வர்றாருன்னு நீதானே சொன்னே தம்பி. வாசலக் கூட்டாம விருந்தாளிய உள்ள கூப்புடுவாங்களா? நேத்து பூரா குந்திகினு புள்ளி எலைய மட்டும் பாத்துப் பாத்துக் கிள்ளிட்டோம்."

"கிள்ளின எலை எங்கே?"

"மாடு துன்னுட்ச்சி."

அதிகாரி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "அப்போ பாக்கறதுக்கு ஒண்ணுமில்லை."

"மூணாவதுதான் ஒரே பேஜாரு, இடுப்பே ஒடிஞ்சிபோச்சி," என்றாள் பக்கத்தில் நின்றவள். "ஏழாவதுல வேலையே கம்மி. இதோ நிக்கிறாளே இவ, அதத்தான் புடிச்சிக்கினா, சோம்பேறி."

சட்டென்று மண்டியிட்டு ஒரு செடியை விலக்கினேன். கிள்ளிய இடத்திலெல்லாம் காம்பின் அடி தண்டிலேயே நின்றது.

"ஐயா, நோய் விழுந்த இலையைத்தான் கிள்ளியிருக்காங்க. காம்பை எண்ணினா போதும்."

அவர் நம்பவில்லை. ஆனால் கால்சட்டையைச் சற்று உயர்த்திவிட்டு, மூன்றாம் வரிசையில் தாமே உட்கார்ந்தார். முதல் செடியிலேயே எண்ணிக்கை தவறி, மறுபடி ஆரம்பித்தார். அத்தனை மொட்டைக் காம்பு. பிறகு ஏழாம் வரிசைக்கு வந்தார். ஒரு செடியில் இரண்டு, அடுத்ததில் ஒன்றுமில்லை. இன்னும் பத்துச் செடி பார்த்தார்.

"அடுத்த பட்டத்துக்கும் போடுங்க," என்றார் எழுந்து. "நான் வர்றதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."