மடிப்பில் வந்த சத்தம்

செலினின் மடிப்பு சைக்கிள் காட்டுப் பாதையில் முறிந்ததற்கு நான்தான் காரணம். அதை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. பட்டறை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சைக்கிள் கடையில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். செலின் மருத்துவமனையில் தாதி, குவீன்ஸ்டவுனில் வீடு. ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளை மடித்து எம்ஆர்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதைக்குப் போய்விடுவாள். மடிப்பு சைக்கிளின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு வேரிலும் குதிக்கும். அந்த அடி முழுவதும், சட்டம் மடியும் நடுக் கீலில்தான் விழும்.

"மவுண்டன் பைக் வாங்கேன் மா."

"அத ட்ரெயின்ல விட மாட்டாங்க அங்கிள். இதுலயே தடி டயர் மாட்டிக் குடுங்க லா."

மாட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை வந்தாள். "மேடு ஏறுறப்ப நடுவுல கிறீச் கிறீச்னு கத்துது."

"என் முட்டியும்தான் கத்துது. வயசு மா."

கடையில் கூட்டம். கீலைத் துடைக்காமல் சேற்றின் மேலேயே கிரீஸ் அப்பி, மடிப்பைப் பூட்டும் லாட்ச்சை இறுக்கினேன். சத்தம் நின்றது. "கைராசி அங்கிள் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஓர் இறக்கத்தில் சைக்கிளின் சட்டம் முறிந்து விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. மருத்துவமனையில் நான் முதலில் கேட்டது இதுதான்: "லாட்ச்ச சரியா பூட்டினியா மா?"

"பூட்டினேன்..." என்றவள், சற்று யோசித்து, "தெரியல அங்கிள்" என்றாள்.

அடுத்த நாள் அவளுடைய தோழி சைக்கிளைக் கடையில் போட்டுவிட்டுப் போனாள். துடைத்துப் பார்த்தேன். புது முறிவு பளபளக்கும். இதில் பாதி துருவேறிப் பழுப்பாக இருந்தது. கீலை ஒட்டிய வெல்டிங்கில் முன்பே விரிசல். என் கிரீஸ் அதை மூடியிருந்தது. லாட்ச் பூட்டியபடியே இருந்தது. சட்டத்தைச் சாக்கில் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளினேன்.

கை குணமாகி, வேலைக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து செலின் வந்தாள்.

"அந்த சைக்கிளத் தூக்கிப் போட்டுருங்க அங்கிள். வார்ட்ல நோயாளி கட்டிலோட பக்கக் கம்பியப் பூட்டிட்டுப் பாதி தூரம் போவேன், திரும்பி வந்து பாப்பேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. என் கைய என்னாலயே நம்ப முடியல."

சாக்கை எடுத்துப் பிரித்தேன்.

"நீ பூட்டித்தான் இருந்த மா. விரிசல் முன்னாடியே இருந்துச்சு. நான் பாக்காம கிரீஸ் பூசிட்டேன். நீ விழுந்த மறுநாளே எனக்குத் தெரியும்."

அவள் லாட்ச்சைத் திறந்தாள், பூட்டினாள். டக். மறுபடியும் திறந்து பூட்டினாள்.

"மூணு மாசமா தினமும் இத மனசுல பூட்டிப் பாத்துட்டு இருக்கேன் அங்கிள்." குரல் உடைந்தது. "உங்க மேல கோவம்தான். அது இருக்கட்டும். நான் பூட்டினேன்ல?"

"பூட்டின மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குணமான அந்தக் கையாலேயே என் கையை ஒரு தட்டு தட்டினாள்.

சத்தம் கேட்டால் முதலில் துடைத்து, வெளிச்சம் வைத்துப் பாருங்கள். கிரீஸ் அப்புறம். தப்பு உங்களுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் செலின் ஒரு கட்டிலுக்குத் திரும்பி நடந்திருக்கிறாள்.