தலைமாட்டு விளக்கு

விளக்குக்கடை அக்காவிடம் நல்ல வார்த்தை வாங்கியவர்கள் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. பழைய கண்ணாடி எண்ணெய் விளக்குகளைப் பழுது பார்ப்பது அவள் தொழில். சிம்னி மாற்றுவாள், திரி போடுவாள், ஆடிப்போன பித்தளைக் கழுத்தைக் காரை வைத்து ஒட்டித் தருவாள். கூடவே, "துடைக்கத் தெரியாதவங்களுக்கு விளக்கு எதுக்கு?" என்று ஒரு குத்தும் இலவசம். வாய் மோசம், ஆனால் கை சுத்தம் என்பார்கள். அந்தக் கை சுத்தத்தில்தான் கடை முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை அவளுடைய தம்பி கடையேறி வந்தான். போன வருடம் அம்மா செத்த நாளோடு இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது. அம்மாவிடம் ஒரே அச்சில் வார்த்த ஜோடி விளக்குகள் இருந்தன. ஒன்றை மகளிடம் கொடுத்துவிட்டு, மற்றதைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் மகன் வீட்டுக்குப் போனாள். இப்போது ஒரு ஹோட்டல்காரர் ஜோடியாகக் கேட்கிறாராம். அவரையும் கூடவே இழுத்து வந்திருந்தான்.

தன் விளக்கை மேசைமேல் வைத்தான். தண்ணீர் மாதிரி வெள்ளைக் கண்ணாடி. கடை ஜன்னலில் பத்து வருடமாக நிற்கும் அக்காவின் விளக்கோ கத்தரிப்பூ நிறம்.

"மாத்திட்டியா? அம்மா குடுத்தது வெள்ளை விளக்கு. அதை வித்துத் தின்னுட்டு எதையோ கொண்டுவந்து வச்சிருக்கே. திருடி!"

தெருவே கேட்கும்படி கத்தினான். எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அக்காவுக்குக் கடைதான் நினைவுக்கு வந்தது. இந்த ஒரு சொல் தெருவில் நின்றுவிட்டால் நாளைக்கு எவன் நம்பி விளக்கைக் கொடுப்பான்?

அவள் ஜன்னலுக்குப் போனாள். தன் விளக்கை எடுத்து, கத்தி முனையால் காரையைச் சுரண்டிப் பித்தளைக் கழுத்தைக் கழற்றினாள். அதன் அடியில் மறைந்திருந்த வளையம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"பழைய கண்ணாடி வருஷக்கணக்கா வெயில் பட்டா இப்படித்தான் நிறம் மாறும். மூடியிருந்த இடம் மாறாது. தெரியுதா, இல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா?"

ஹோட்டல்காரர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். தோற்றுப் பழக்கமில்லாத தம்பி விடவில்லை.

"கதை விடாதே. அப்போ என்னோடது ஏன் மாறல? ரெண்டும் ஒரே கண்ணாடிதானே? இது அம்மா தலைமாட்டுலயே இருந்துச்சு. ஒம்பது வருஷம், அம்மா கண்ணை மூடுற வரைக்கும், ஒரு நாள் கூட நகரல!"

அக்காவின் கை அப்படியே நின்றது. கிழக்குப் பார்த்த முன்னறையையே அம்மாவுக்கு விட்டுவிட்டதாகவும், கண் விழித்தால் முகத்தில் வெயில் அடிக்கும் என்றும் சாவு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் இவன். அந்த ஒன்பது வருடமும் அக்காவை வாசற்படி ஏறவிட்டதில்லை. அவன் சொன்னதைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

அவன் விளக்கைத் தூக்கி, ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலும் ஊதாவின் சாயல்கூட இல்லை.

"அம்மாவை எந்த ரூம்ல வச்சிருந்தே?"

தம்பி ஹோட்டல்காரரைப் பார்த்தான்.

"உன்னைத்தான்டா கேக்குறேன். எந்த ரூம்?"

"மாடிப்படிக்கு அடியில," என்றான். அப்புறம் அவசரமாக, "லைட்டு போட்டுக் குடுத்திருந்தேன்."