நான் கனடாவில் இருந்த குளிர்காலம்

முதலில் இருமல்தான் வந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடையின்போது வரும் சாதாரண இருமல். தூசி, பனி, காலி மனையில் யாரோ கொளுத்தும் குப்பை என்று அதற்கு வரிசையாகக் குற்றவாளிகளைக் கண்டுபிடித்தேன். பிறகு சாயங்காலங்களில் லேசான காய்ச்சல். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் தொப்பை தானாகக் கரைந்தால் மனிதன் சந்தேகப்பட வேண்டும். நான் பெருமைப்பட்டேன்.

என்னோடு நடப்பவர் சாலமன் சார். அடுத்த தெருக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், தனியாக இருப்பவர். மழை பிடித்துக்கொண்டதும் நடை நின்றது. அவர் வீட்டு முன்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தினமும் செஸ் ஆடினோம். நான் இருமிக்கொண்டே தோற்றேன்.

"இருமி இருமி என் கவனத்தைக் கலைக்கலாம்னு பாக்காதீங்க சார். முப்பத்தஞ்சு வருஷம் கடைசி பெஞ்சைப் பாத்தவன் நான்" என்பார்.

மழை ஓய்ந்த ஒரு நாள் தாம்பரத்தில் ஒரு மருத்துவர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சளிப் பரிசோதனை முடிவையும் படித்தார். காசநோய் என்றார்.

"ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. ஒழுங்கா சாப்பிட்டா ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் அடுத்தவங்களுக்குப் பரவாது. அதுவரைக்கும் மாஸ்க் போடுங்க. முக்கியமா, ஜன்னலை எல்லாம் திறந்து வைங்க."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வசந்தி செய்த முதல் காரியம், ஜன்னல்களை எல்லாம் சாத்தியது.

"ஏங்க, பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். இந்த நேரத்துல இது வெளிய தெரிஞ்சா யாரு வருவா?"

மகள் டொரான்டோவில் வேலை பார்க்கிறாள். ஆகவே அன்று மாலையே காலனிக்கு ஒரு செய்தி கிளம்பியது. சார் பொண்ணைப் பார்க்கக் கனடா போயிருக்கிறார், குளிர்காலம் முடிந்துதான் வருவார். அலுவலகத்துக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னோம். மஞ்சள் காமாலை கௌரவமான நோய். சர்க்கரைக்குச் சபையில் இடம் உண்டு. இதயத்தில் அடைப்பு என்றால் ஆப்பிளோடு பார்க்க வருகிறார்கள். காசநோய்க்காரன் மட்டும் நாடு கடத்தப்படுகிறான். இத்தனைக்கும் தினமும் சானடோரியம் என்று பெயர் எழுதிய ரயில் நிலையத்தில் ஏறி இறங்குகிற ஜனங்கள் நாங்கள். அந்தப் பெயர் எந்த நோயின் ஆஸ்பத்திரியால் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நிலையத்துக்கு இருக்கலாம், நமக்கு இருக்கக் கூடாது.

வசந்தியை மட்டும் குறை சொல்லி எழுதுவது எனக்குச் சௌகரியம். உண்மையில், கனடா என்று அவள் சொன்னபோது, "எந்த ஏர்லைன்ஸ்னு கேப்பாங்க, யோசிச்சு வச்சுக்கோ" என்று உதவியவன் நான்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. பின்னறை ஜன்னல் ஏரியைப் பார்த்தது. மருத்துவர் சொன்னதற்கும் வசந்தி சொன்னதற்கும் இடையில் சமரசமாக, அதை நான்கு விரற்கடை திறக்க அனுமதி கிடைத்தது. அந்த இடுக்கில்தான் என் கனடா இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அதில் ரிஃபாம்பிசின் (சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் மருந்து, பார்த்துப் பயப்பட வேண்டாம்) ஒன்று. பிறகு குமட்டல். பிறகு ஏரி.

அந்த வாரம்தான் வாத்துகள் வந்து இறங்கின. ஊசிவால் வாத்துகள், கூடவே நீலச்சிறகிகள். வடக்கே ஏரிகள் உறையும்போது இமயமலையைத் தாண்டி வருபவை. அவை வெளிநாட்டிலிருந்து எங்கள் ஏரிக்கு வந்திருந்தன. ஏரிக்காரனான நான் வெளிநாட்டில் இருந்தேன்.

சுகாதார நிலையத்திலிருந்து செல்வி என்ற ஊழியர் பையோடு வந்தார். வந்தது தொடர்பறிதலுக்காக (நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடிச் சோதிப்பது). வசந்தி கதவைப் பாதி திறந்து, பழக்கதோஷத்தில், "அவர் கனடா போயிருக்காரே" என்றாள்.

"கனடாவுலேர்ந்தா மேடம் மாத்திரை வாங்கறாரு? போன வாரம் கையெழுத்து போட்டுக்கினு வாங்கினு போயிருக்காரு, அட்டை இங்க கீது பாரு."

உள்ளே நான் இருமினேன். கனடா அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

செல்வி சிரிக்கவில்லை. வசந்தியைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். (அவளுக்கு எதுவும் இல்லை என்று பிறகு தெரிந்தது.) என்னிடம் கேட்டார்: "வேற யாராண்ட நெருங்கிப் பழகினீங்க சார்? மூடின ரூம்ல, ரொம்ப நேரம்?"

முன்னறை, சாத்திய ஜன்னல், செஸ் பலகை, எல்லாம் கண் முன்னே வந்தன. "யாரும் இல்லை" என்றேன். சாலமன் சாரின் பெயரைச் சொன்னால் கனடா கவிழ்ந்துவிடும். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. வரட்டும்.

சாலமன் சார் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "நம்ம ஏரிக்கு வாத்து வந்தாச்சு. உங்க பக்கத்து வாத்தெல்லாம் குளிருக்கு எங்க போகுது? விசாரிச்சுச் சொல்லுங்க."

நான் பதில் எழுதினேன்: "ஏரி உறைஞ்சு போச்சு சார். ஒண்ணையும் காணோம்."

"காணோம்னா என்ன சார் அர்த்தம்? எங்கயாவது இருந்துதானே ஆகணும்."

குளிர்காலத்தில் காணாமல் போகும் பறவைகள் பொறுமைக்கும் நம்பிக்கைக்கும் மறுபிறப்புக்கும் குறியீடு என்று காலனிக் குழுவில் காலை வணக்கப் படங்கள் வரும். எரிச்சலாக இருந்தது. நான் பார்த்தவரையில் வாத்து பிழைப்பதற்காக இடம் மாறுகிறது. பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும் வந்து இறங்குகிறது. குளிர் தாங்கவில்லை என்பதை எந்த வாத்தும் எந்தக் காலனியிடமும் மறைக்கவில்லை. அது எதற்காவது குறியீடு என்றால், எனக்கு வெட்கம் வர வேண்டிய ஏதோ ஒன்றுக்குத்தான்.

பொங்கல் முடிந்த ஒரு காலை. ஜன்னல் இடுக்கு வழியாகக் கரையில் சாலமன் சாரைப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். முழங்கால்களில் கை ஊன்றிக் குனிந்தார். சத்தம் மாடிக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தோள்கள் குலுங்குவது எனக்குத் தெரியும். எல்லாச் சட்டைகளும் எனக்குத் தொளதொளவென்று ஆன நாட்களில் நானும் அப்படித்தான் நின்றேன். அவர் சட்டையும் தொளதொளவென்று இருந்தது.

செருப்பை மாட்டினேன். வசந்தி கதவில் நின்றாள்.

"எங்க போறீங்க? யாராவது பாத்துடப் போறாங்க."

"சாலமன் சார் இருமறாரு."

அவள் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரையை முழுவதும் விலக்கினாள்.

கரையில் என்னைப் பார்த்ததும் சாலமன் சார் நிமிர்ந்தார். பனியனும் லுங்கியுமாக வந்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். "கனடாவுல குளிரே இல்லபோல?" என்றார்.

சொன்னேன். நோயின் பெயரையும் தேதிகளையும், செல்வியிடம் நான் சொன்ன பொய்யையும்.

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "டிபி வந்ததை மறைச்சீங்க, புரியுது. நான் ரெண்டு மாசமா இருமல் மருந்தா குடிச்சுட்டு இருக்கேன் சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவருக்கும் அதேதான். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் நுரையீரலில் இவ்வளவு தழும்பு விழுந்திருக்காது என்றார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். "அப்ப நான்தான் உங்களுக்குக் குடுத்தேன்னு வச்சுக்குவோம், ஒரு ஆட்டமாவது நீங்க ஜெயிச்ச மாதிரி இருக்கட்டும்" என்றார் சாலமன் சார். அது மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை.

மகளிடம் போனில் சொன்னேன். "இதை எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா" என்றாள். காலனியில் சிலர் லிஃப்டில் என்னோடு ஏறாமல் படிக்கட்டைத் தேர்ந்தார்கள். அவர்கள் உடலுக்கு நல்லதுதான்.

இதே மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: உங்கள் வீட்டிலும் ஒரு கனடா தயாராகிக்கொண்டிருக்கலாம். ஏறாதீர்கள். செல்வி வந்து கேட்டால் எல்லாப் பெயர்களையும் சொல்லிவிடுங்கள்.

மாசி வாக்கில் வாத்துகள் கிளம்பிப் போயின. சித்திரை வெயிலில் என் மாத்திரைகள் முடிந்தன. எடை திரும்பிவிட்டது. தொப்பையும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது, எங்கே போயிருந்தது என்று சொல்லாமல். ஆனால் உடம்பு பழைய உடம்பு இல்லை. ஒவ்வொரு மூச்சும் எங்கே போய் முட்டித் திரும்புகிறது என்று இப்போது தெரிகிறது. எனக்கு நாட்காட்டியும் மாறிவிட்டது. என் கெடு முடிந்த அன்று சாலமன் சாருக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. அந்த இரண்டு மாதமும் என் வாயால் போனது.

காலையில் இருவரும் நடக்கிறோம். மூன்றாவது பெஞ்சு வந்ததும் அவருக்கு மூச்சு வாங்கும், நிற்பார். எனக்கு இன்னும் நடக்க மூச்சு இருக்கிறது. நானும் நிற்கிறேன்.