சாலைக்கு அந்தப் பக்கத்து நீலம்

காலை ஆறே முக்காலுக்கு, கீழ்பென்னாத்தூர் சாலையில் டயர் மாற்றப் பேருந்து நிற்கிறது. இறங்கியதும் கண்ணில் படுவது வரப்பில் ஒரு கூண்டு. உள்ளே, வாலில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிய வயல் எலி.

கூண்டு வைத்த கவிதா ஆராய்ச்சி மாணவி. ஒரே வளையில் பிறந்த மூன்று குட்டிகளுக்கு ஆளுக்கொரு நிறம் பூசியிருக்கிறார். சிவப்பு தாயோடு தங்கிவிட்டது. வெளியே போன மஞ்சளின் வால் மட்டும் ஆந்தை உட்காரும் மரத்தடியில் கிடைத்தது. நீலமும் போய்விட்டது, அது பிழைத்திருக்கிறதா என்பதுதான் அவர் கவலை.

வயல்காரர் செல்வி கடலைச் செடியைப் பிடுங்கியபடியே சிரிக்கிறார்.

"என் கடலயத் தின்ற எலிக்கு என் நெயில் பாலிஷயே பூசுறா பாருங்க!"

"ரோட்டுக்கு அந்தாண்டயும் ஒரு கூண்டு வெச்சிருக்கேங்க்கா."

"அது என் கொழுந்தன் நெலம். பாகம் பிரிச்சதுலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சே இல்ல. நீயே போய்ப் பாரு."

கவிதா சாலையைக் கடந்து போய்க் கூண்டைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே நீல வால் ஆடுகிறது.

"எளச்சிப்போச்சாடி?" என்று செல்வி கத்துகிறார்.

"இல்ல அண்ணி, நல்லா கொழுகொழுன்னுதான் இருக்குது."

பதில் சொல்வது கொழுந்தன்.