கூமாப்பட்டி ரோட்டில் இல்லாத வளைவு

நேர் ரோடு. பட்டப்பகல். எதிர்ல ஒரு ஆடுகூட வரல. அப்படிப்பட்ட எடத்துல, இல்லாத வளைவுல ஸ்டியரிங்க ஒடிச்சு, அடுத்தவுக காரக் கொண்டுபோயி கண்மாய்க்குள்ள எறக்குனவன் நான். வயசு அம்பதத் தாண்டியாச்சு. லைசென்ஸ் இருக்கு. குடிக்கிற பழக்கம் கெடையாது. எங்க ராஜபாளையத்துல பாதிப் பேருக்கு அதுலதான் வருத்தம். குடிச்சிருந்தா ஒரு காரணமாவது இருந்திருக்குமே!

எனக்குத் தொழில் பேண்டேஜ் துணி. அடுத்தவன் காயத்த நம்பிப் பொழைக்கிறவன். ஆனா மனசு பூரா பழைய ராலி கார்லதான். ராலின்னா வட்டத்துக்குள்ள சுத்துற ரேஸ் இல்ல. காட்டு ரோடு, மலை ரோடு, புழுதி ரோடுன்னு எடம் எடமா ஓடுறது. நான் ஓடுனதில்ல. எளவட்டமா இருக்கையில ஒரே ஒருக்கா மலையடிவாரத்துல கொடி பிடிச்சு நின்னேன். மொத கார் கெளப்புன புழுதியில கண்ணு தெரியாம, அடுத்து வந்த கார்னு நெனச்சு ஒரு புளியமரத்துக்குக் கொடி ஆட்டுனேன். அம்புட்டுதான் அனுபவம். அத வச்சுக்கிட்டு டீக்கடையில நான் பேசாத பேச்சில்ல.

பழைய ராலி கார்ல எது ஒசத்தி? இதுதான் எப்பவும் பேச்சு. அம்பாசிடர் கல்லுல மோதுனா கல்லுக்குத்தான் கவல. ஆனா வளைவுல திருப்பணும்னா முந்துன ஊர்லயே ஆரம்பிக்கணும். ஜிப்ஸி எங்க விட்டாலும் ஏறும். ஆனா இன்னும் கெழடாகல, பழைய வண்டி சேக்குற ஆளுக அத மதிக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும். பத்மினி லேசு, துருதுருன்னு போகும், சாமான் எந்த ஊர்லயும் கெடைக்கும். அதனாலயே எல்லார்ட்டயும் இருக்கும். ஹெரால்டு அப்பிடியில்ல. சாமான் கெடைக்காது. வேகமா வளைச்சா பின்வீல் ரெண்டும் கால உள்ள மடக்கிக்கிடும். ஆனா ஒரு சின்னத் தெருவுக்குள்ள அப்பிடியே வட்டம் போட்டுத் திரும்பிரும். பானெட்டத் தொறந்தா மூஞ்சியே சேந்து முன்னால கவுந்துக்கும். வண்டி சேக்குற கிறுக்கனுக்கு நல்ல குணத்தவிட இந்த மாதிரி கோளாறுதான் பிடிக்கும். எனக்கும்தான்.

கூடவே ஒரு விதியும் சொல்லுவேன். ராலியில ஓட்டுறவன் தன் கண்ண நம்பக்கூடாது. எடது சீட்டுல இருக்க நேவிகேட்டர் வாயத்தான் நம்பணும். அவரு முன்னாடியே அந்த ரோட்டுல போயி ஒவ்வொரு வளைவையும் பாத்து வச்சிருப்பாரு. அவரு லெஃப்ட்டுன்னா லெஃப்ட்டு. புழுதியில ஒண்ணுமே தெரியலைன்னாலும் திருப்பணும். பாத்துட்டுத் திருப்புவோம்னு நெனச்சா, பள்ளத்துக்குள்ள இருந்துதான் பாக்கணும். நானும் போன்ல ராலி வீடியோவப் போட்டு, சாப்பாட்டு மேசையில ஒக்காந்து, எவர்சில்வர் தட்ட ஸ்டியரிங்காப் பிடிச்சு, காதுல விழுற சொல்லுக்கெல்லாம் திருப்பித் திருப்பிப் பழகிட்டேன்.

நெசமான கார்ல எடது சீட்டுல ஒக்காருறது என் சம்சாரம். அவ "ஏங்க, பாத்து, லாரி வருது"ம்பா. "நீ நேவிகேட்டர் இல்ல, பயணி. பயணி பேசக்கூடாது"ம்பேன்.

இந்த லட்சணத்துல ஒரு வண்டி வாங்கிரணும்னு முடிவு பண்ணுனப்போ, ஒரே வாரத்துல ரெண்டு தகவல் வந்துச்சு. மொத வண்டி உள்ளூர்லயே, ஒரு பஞ்சு வியாபாரியோட பத்மினி. செவப்புப் பெயிண்டு, வெள்ளப் பட்டை, முன்னாடி ஏழெட்டு லைட்டு, உள்ள, வண்டி உருண்டாலும் ஆளு நசுங்காம இருக்க, பளபளன்னு கம்பிக் கூண்டு. கல்யாண மாப்பிள்ள மாதிரி நின்னுச்சு. நான் குனிஞ்சு அடிப்பக்கம் பாத்தேன். நெசமா ராலி ஓடுன வண்டிக்கு அடிவயிறு பூரா கல்லடி இருக்கும். இதுல ஒரு கீறல் இல்ல.

"மலை ஏறுன வண்டி அண்ணாச்சி!" அப்படின்னாரு அவரு.

"எந்த மலை?"

"கொடைக்கானல். குடும்பத்தோட."

ரெண்டாவது வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ஹெரால்டு. ஒரு பழைய வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகையில நின்னுச்சு. வெளுத்துப்போன பச்சை. அடிப்பக்கம் பூரா கல்லடி, அம்மத் தழும்பு மாதிரி. கூண்டு தரையோட வெல்டு வச்சது. எடது பக்கம் மேப் பாக்குறதுக்கு வளையிற கழுத்தோட ஒரு குட்டி லைட்டு. எடது பக்கத் தரையில ஒரு ஹாரன் பித்தான். ஓட்டுறவன் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கும்கறதால, வளைவுக்கு முன்னால நேவிகேட்டர்தான் கால வச்சு ஹாரன் அடிப்பாரு. எடது பக்கத் தரை முழுக்கத் தூசி. அந்தப் பித்தான் மட்டும் நேத்து மிதிச்ச மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. அப்போ அத நான் சந்தோசமாத்தான் பாத்தேன். நெசமான வண்டிக்கு அதான் அத்தாட்சின்னு.

வண்டிக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு எழுபது பக்கம் இருக்கும். அவுக வீட்டுக்காரர்தான் அதுல நேவிகேட்டரா ஓடுனவரு. கப்பெல்லாம் ஓட்டுனவரு வீட்டுக்குப் போச்சு, வண்டி இவுக வீட்டுக்கு வந்துச்சு. அவரு காய்ச்சல்ல படுத்து, ஆஸ்பத்திரியில, சாதாரணமாத்தான் செத்துப்போனாரு. அதுக்குப் பொறவு இந்த அம்மாவே வண்டிய எடுத்து, கூமாப்பட்டியில இருக்க தென்னந்தோப்புக்கு வாரம் ஒருக்கா தனியாப் போயிட்டு வாராக.

"விக்கணும்னு நான் சொல்லல தம்பி. மகன் சொல்லுதான்"னாக.

மகன் கோயமுத்தூர்ல வேல. லீவு போட்டு வந்து, வாசப்படியில நின்னு போனப் பாத்துக்கிட்டிருந்தான். தல நிமிராமச் சொன்னான்: "காலி சீட்டப் பாத்துப் பேசிக்கிட்டு வண்டி ஓட்டுதாக அண்ணாச்சி. பாத்தவங்க எனக்குப் போன் பண்ணிச் சொல்லுதாங்க. வண்டிய வித்துட்டு என்கூட கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டப்போறேன்."

"அவன் சொல்லுறது பொய்யில்ல தம்பி. அந்த ரோட்டுல ஒரு எடத்துல இவன் அப்பா பேசுறாக. நான் பதில் சொல்லுதேன். அம்புட்டுதான்"னு அந்த அம்மா சோத்துக்குக் கொழம்பு ஊத்துற மாதிரிச் சொன்னாக. "என்ன சொல்லுறாகங்கறத மட்டும் இதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லல. சொல்லிட்டா, கேட்ட மாதிரி நடிப்பாக. நீங்க ஓட்டிப் பாருங்க. ஒண்ணும் கேக்கலையா, வண்டிய எடுத்துட்டுப் போங்க. எனக்குத்தான் புத்தி பெசகிருச்சுன்னு ஒத்துக்கிட்டு அவன்கூடப் போயிருதேன். கேட்டுச்சுன்னா வண்டி கெடையாது. நானும் இந்த வீட்ட விட்டு வர மாட்டேன்."

"சரிதாம்மா. இவுக சொல்லட்டும்"னான் மகன். சொல்லிட்டு என்னயப் பாத்து லேசாத் தலைய ஆட்டுனான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். நாக்க மட்டும் அடக்குனா போதும், ஹெரால்டு என் வீட்டுக்கு வந்துரும்.

நான் மனசுக்குள்ள சிரிச்சேன். பேய் இருக்க வண்டின்னு சொல்லி வெலையக் கொறைக்கலாமான்னுகூட ஒரு யோசன.

ரெண்டு கதவு வண்டி. அந்த அம்மா ஓட்டுற சீட்ட மடக்கி, பின்னாடி ஏறி ஒக்காந்தாக.

"முன்னால வாங்கக்கா."

"அது நேவிகேட்டர் சீட்டு."

பின்னால இருந்தபடியே எட்டி, காலியா இருந்த எடது சீட்டுக்கு பெல்ட்ட இழுத்து மாட்டுனாக. டக்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் வெலையக் கொறைக்கிற யோசன எனக்கு வரல. பொறவு சொன்னாக: "ஸ்டியரிங் ஹாரன் வேல செய்யாது. ஒயர அப்பவே புடுங்கிட்டாக. தேவப்பட்டா கையக் காட்டிக்கோங்க."

ஊரத் தாண்டி கூமாப்பட்டி ரோட்டுல ஏறுனோம். மகன் ஸ்கூட்டர்ல பின்னாடியே வந்தான். வெயில் வெள்ளையா நின்னுச்சு. எடது பக்கம் மலை. எப்பவும் தள்ளி நிக்கிற மலை, அன்னைக்கு யாரோ நகட்டி வச்ச மாதிரி கிட்டத்துல. வண்டி நல்லாத்தான் போச்சு. செத்த நேரத்துல ஒண்ணு கவனிச்சேன். காத்து இல்ல. ரோட்டோரப் பனை ஓலை ஆடல. கண்ணாடிய எறக்கித்தான் இருக்கு, ஆனா வெளிச் சத்தம் எதுவும் உள்ள வரல. இஞ்சின் சத்தம்கூட தூரத்துல, அடுத்த வண்டி சத்தம் மாதிரி. என் எடது கைப்பக்கம் மட்டும், பக்கத்துல ஆள் ஒக்காந்திருந்தா இருக்குமே ஒரு சூடு, அது இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல. வீரம்னு நெனைக்க வேண்டாம். கழுத்து வரல.

ரோடு கண்மாயத் தொடுற எடம். முன்னால ஈர்க்குச்சி மாதிரி நேரா ரோடு. அப்போ ஹாரன் அடிச்சுச்சு. ரெண்டு தடவ. என் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. ஒடனே எடது காதுக்குப் பக்கத்துல ஒரு ஆம்பளக் கொரல், அவசரமே இல்லாம, குழம்புல உப்பு கம்மின்னு சொல்லுற மாதிரி:

"லெஃப்ட்டு, டைட்டு. உள்ள வெட்டாத."

யோசிச்சிருந்தா திருப்பியிருக்க மாட்டேன். யோசிக்கல. தட்டப் பிடிச்சுப் பழகுன கை தானா ஒடிச்சுருச்சு. வண்டி ரோட்ட விட்டு எறங்கி, கருவேல முள்ளுக்குள்ள புகுந்து, சரிவுல எறங்கி, பின்வீல் ரெண்டும் கால மடக்க, ஒரு பெரிய கல்ல ஒரு சாண் தள்ளி உரசாமத் தாண்டி, வத்துன கண்மாய்ச் சகதியில மூக்க வச்சு நின்னுச்சு.

எறங்குனேன். பின்சீட்டுக்காரம்மாவையும் எறக்குனேன். ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்ல. கீழ பாத்தேன். பின்வீல் ரெண்டும் மண்ணுல இல்ல. தாருல நின்னுச்சு. முள்ளுக்கு அடியில பழைய ரோடு, வெடிச்சுப்போயி, எடது பக்கமா வளைஞ்சு கண்மாய்க்குள்ள போகுது. நான் உரசாமத் தாண்டுன கல்லு, அந்த வளைவோட உள்பக்கத்துல சாஞ்சு நின்ன பழைய மைல்கல்லு. உள் ஓரத்த ஒட்டி வெட்டியிருந்தா அதுலதான் அடிச்சிருப்பேன்.

ரோட்ட நேராக்கி எம்புட்டோ காலமாச்சு. செத்தவுகளுக்கு யாரும் தகவல் சொல்லல போல.

மகன் ஸ்கூட்டரப் போட்டுட்டு ஓடி வந்தான். அம்மாவத் தொட்டுத் தொட்டுப் பாத்தான். பொறவு என்னயப் பாத்து மூச்சு வாங்கிக்கிட்டே, "நாய் ஏதும் குறுக்க வந்துச்சா அண்ணாச்சி? ஆமான்னு சொல்லுங்க. ஒண்ணும் கேக்கலன்னு சொல்லுங்க. வண்டிய நானே சரிபண்ணி உங்க வீட்டுல கொண்டாந்து விடுதேன்"னான்.

அந்த அம்மா முள்ளு கிழிச்ச பச்சைப் பெயிண்ட முந்தானையால தொடச்சுக்கிட்டே என் வாயவே பாத்துக்கிட்டிருந்தாக. அந்தக் கண்ணுல வண்டியப் பத்தி ஒரு கவலயும் இல்ல. நான் கேட்டேனா, இல்லையா. அது ஒண்ணுதான்.

நாய்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஹெரால்டு ஆச்சே!

"லெஃப்ட்டு, டைட்டுன்னு கேட்டுச்சு தம்பி"ன்னு வந்துருச்சு.

"அப்புறம்?"ன்னு அந்த அம்மா தொடைக்கிறத நிறுத்திட்டுக் கேட்டாக.

"உள்ள வெட்டாதன்னு."

அவுக அப்பிடியே பானெட்டு மேல கைய ஊனிக்கிட்டு ஒக்காந்துட்டாக. அழுகல. "அவிய போன வண்டி அந்தக் கல்லுல ஒருக்கா இடிச்சிருக்கு. அதுல இருந்து அப்பிடித்தான் சொல்லுவாக"ன்னு மட்டும் சொன்னாக.

"பேசி வச்சுக்கிட்டு நடிக்கிறீங்களா ரெண்டு பேரும்?"னான் மகன். சொல்லி முடிக்கல, அவனே நிறுத்திட்டான். பின்னால வந்த அவனுக்கும் அது கேட்டிருக்கு. "ஹாரன் யாரு அடிச்சா?"

நான் ரெண்டு கையையும் தூக்கிக் காமிச்சேன். அவன் குனிஞ்சு, ஸ்டியரிங் ஹாரன ஒருக்கா அமுக்கிப் பாத்தான். சத்தம் வரல. எடது பக்கத் தரையில இருந்த பித்தானப் பாத்தான். தொடல.

"நீங்க ஏன்க்கா இத்தன நாளும் அந்த எடத்துல ஸ்டியரிங்கத் திருப்பல?"ன்னு கேட்டேன். ஏதாவது பேசணுமே.

"அவிய சொன்னத நான் என்னைக்குத் தம்பி கேட்டேன்?"

பக்கத்துத் தோப்புக்காரங்க நாலு பேரு வந்து வண்டியத் தள்ளி ஏத்துனாங்க. மகன்தான் ஓட்டுனான், அம்மா பின்சீட்டுல. ஏறும்போது எடது சீட்டு பெல்ட்டு மேல கை வச்சான். கழட்டப் போறான்னு நெனச்சேன். சரியா மாட்டியிருக்கான்னு இழுத்துப் பாத்துட்டு விட்டுட்டான். நான் அவன் ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு பின்னாலயே போனேன். ஊருக்குள்ள நொழையிற வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலயும் ஹாரன் அடிச்சுச்சு. பின்கண்ணாடி வழியா அவனோட ரெண்டு கையும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு.

அந்த அம்மா இப்பவும் அதே வீட்டுலதான் இருக்காக. மகன் மாசம் ஒருக்கா வந்து, அவன்தான் கூமாப்பட்டிக்கு ஓட்டுதானாம். டாக்டர் பேச்ச எடுக்குறதில்லயாம். பத்மினி இன்னும் விக்கல, லைட்டு இன்னும் ரெண்டு கூடியிருக்கு. நான் ஒண்ணும் வாங்கல. டீக்கடையில இப்ப நான் வாயத் தொறந்தாலே யாராவது "லெஃப்ட்டு"ங்கறான், எல்லாரும் அந்தப் பக்கமாச் சாயுதாங்க.

சம்சாரத்துட்ட அன்னைக்கே எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். சூடு, ஹாரன், கொரல், மைல்கல்லு எல்லாம். பயப்படுவான்னு பாத்தேன். கீரைய ஆஞ்சுக்கிட்டே கடைசி வரைக்கும் கேட்டா. அப்புறம் நிமிந்து பாத்துச் சொன்னா:

"கல்யாணம் ஆன நாள்லருந்து பக்கத்துல ஒக்காந்து நான் கத்துறேன், ஒருக்காகூட ஒங்க காதுல விழல. எவனோ செத்தவன் ஒரே ஒரு தடவ சொன்னான், ஒடனே திருப்பிட்டீக."