தங்கையின் சூலகம்

டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற வேலையில் நாள் முழுவதும் வாய் ஓயாது. ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில், கொத்மலையில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அட்டனில் ஒரு பெண்கள் கிளினிக். டாக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான் தெரியும், வருகிறவர்களுக்குத் தமிழ். பட்டம் வாங்கியும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு அங்கே வேலை கிடைத்தது.

முதல் கேள்வி

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் வந்தார். கடைசியாக எப்போது தூரமானீர்கள் என்று டாக்டர் கேட்டதை, தரையைப் பார்த்தபடி தமிழில் கேட்டேன். அவர் என் வெறும் கழுத்தைப் பார்த்தார்.

"கண்ணாலம் ஆகாத புள்ளைய நிக்கவச்சு இதெல்லாம் பேசச் சொல்றாங்களே, ஒனக்காகக் கேக்க ஆளே இல்லையா?"

இரண்டில் ஒன்று

ரிஹானாவின் கணவருக்குக் கடைவீதியில் துணிக்கடை. ஒரு பிள்ளை பிறக்கும் முன்பே கட்டி வந்து, கருமுட்டை விளைகிற இரண்டு சூலகங்களையும் ரிஹானாவுக்கு எடுத்திருந்தார்கள். கர்ப்பப்பை மட்டும் மிச்சம். ஒருநாள் ரிஹானா தன் தங்கை பௌசியாவையும் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். பௌசியாவுக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். பிரசவம் முடிந்ததும் தன் சூலகம் ஒன்றை எடுத்து அக்காவுக்கு வைக்க முடியுமா என்று கேட்டாள்.

இங்கே யாரும் செய்ததில்லை, வெளிநாட்டில் படிக்கும் நண்பரிடம் விசாரிக்கிறேன் என்றார் டாக்டர். உங்கள் மார்க்கம் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டு வாருங்கள் என்றும் சொன்னார். பௌசியாவுக்கு அது புரியவேயில்லை.

"கிட்னி குடுக்கிறாங்கதானே மிஸ்? ரெண்டு இருக்கு, ஒண்டு ராத்தாக்கு. இதுல கேக்க என்ன இருக்கு?"

தராசைப் பார்த்துப் பேசியவர்

அவர்கள் போய்க் கேட்ட மௌலவி தானே கிளினிக்குக்கு வந்துவிட்டார். விஷயம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லமாட்டாராம். ரிஹானா திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்நியப் பெண்ணான என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று மௌலவி எடை பார்க்கும் தராசைப் பார்த்துப் பேசினார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இடம் மாறிய சூலகத்தில் விளைகிற கரு யாருடையது, கொடுத்தவருடையதா, வாங்கியவருடையதா?

கொடுத்தவருடையது என்றார் டாக்டர். அதைத் தமிழில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றிருந்தது. சொன்னேன். மௌலவி தராசிடம் பெருமூச்சு விட்டார். கர்ப்பப்பையை மாற்றி வைப்பதென்றால் அதில் வித்து இல்லை, மார்க்கம் கற்ற ஆலிம்களிடம் இன்னும் கேட்டுப் பார்க்கலாம். இதில் வம்சமே மாறிப்போகும் என்றார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அக்காவக் கலியாணம் முடிச்சிருக்கிற ஆளுக்குத் தங்கச்சிட வித்துல புள்ளையா? கூடாது மகள். ஆனா தங்கச்சிட புள்ளைய அவ வளக்கலாம், பெத்த வாப்பாட பேரு மட்டும் மாறக் கூடாது. இத மெதுவா சொல்லுங்க."

மெதுவாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ரிஹானா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

கூப்பிடும் பெயர்

சில மாதம் கழித்து ரிஹானா மடியில் ஒரு குழந்தையோடு வந்தார். பௌசியாவின் மூன்றாவது. வைத்தியத்துக்கு வரவில்லை; காட்டிவிட்டுப் போக வந்திருந்தார். டாக்டர் உள்ளே வேலையாக இருந்ததால், என் வேலையில் முதல் தடவையாக ஒருவர் என்னோடு மட்டும் பேசினார். உம்மா என்று கூப்பிடப் பழக்குவீர்களா என்று கேட்டேன். அவர் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தார்.

"இல்ல மிஸ், பெரியும்மாதான். அவட உம்மா இருக்கிறாதானே. எனக்கு, கூப்பிட ஒரு வாய் வந்திருக்கு, அது போதும்."

இரண்டு மொழி தெரிந்தால் இரண்டு மடங்கு ஆட்களோடு பேசலாம் என்று கல்லூரியில் நினைத்திருந்தேன். இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம் என்று வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது.